கை கழுவியாச்சு, நன்றி

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் சோப்பு சிஸ்டர். முகத்துக்கு நேரே வெறும் சிஸ்டர், முதுகுக்குப் பின்னால் சோப்பு. அது அவருக்குத் தெரியாமலும் இல்லை. ஒருநாள் கேன்டீன் வரிசையில் பின்னால் நின்ற ஒருவன், "சோப்பு வருது, கையைக் காட்டிடாதீங்கடா" என்று கிசுகிசுத்தபோது, சாவகாசமாகத் திரும்பினார். "சோப்பு வந்தா கையைக் காட்டணும்ப்பா. மறைச்சு வச்சுக்கிட்டா அழுக்கு எப்படிப் போகும்?" வரிசையே சிரித்தது. கிசுகிசுத்தவன் டீ வாங்காமலே போய்விட்டான்.

அவர் வேலை அப்படி. ஒரு நோயாளியைத் தொட்ட கை, கழுவாமல் அடுத்த நோயாளியைத் தொட்டால், இந்தக் கட்டிலின் கிருமி அந்தக் கட்டிலுக்குக் குடிபோய்விடும். அதைத் தடுக்கத்தான் அவரைப் போட்டிருந்தார்கள். வார்டின் மூலையில் பேனாவும் அட்டையுமாக நின்று, யார் கை கழுவினார்கள், யார் கழுவவில்லை என்று குறிப்பார். பதவி காலியானபோது மற்ற நர்சுகள் "இது போலீஸ் வேலை, நமக்கு வேண்டாம்" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். இவர் மட்டும் தானாகக் கேட்டு வாங்கினார். அவர்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் அவர். படித்ததை ஊசி போட மட்டும் வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

வேலை பிடித்திருந்தது. ஆனால் அதில் ஒரு வேடிக்கை இருந்தது. அவருடைய செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் கேட்டதும் வார்டு முழுக்கக் கைகள் ஒன்றோடொன்று தேய ஆரம்பித்துவிடும். டாக்டர்கள் தேய்ப்பார்கள், நர்சுகள் தேய்ப்பார்கள், மருந்து விற்க வந்தவர்கூட எதற்கும் இருக்கட்டும் என்று தேய்ப்பார். அவர் தலை மறைந்ததும் பழைய கதைதான்.

"நான் கை கழுவுறதைப் பார்க்கலைங்க. அவங்க என்னைப் பார்க்கிறதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார். வீட்டுக்காரர் அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்பவர். விரலிடுக்கில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். "என் கையையும் குறிச்சு வச்சுக்கோ" என்று அதைக் காட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

அதனால்தான் கை கழுவுவதைக் கணக்கெடுக்க ஒரு மெஷின் வருகிறது என்றதும், வேலை பறிபோகுமோ என்று பயப்படாமல், குழந்தை பிறந்த வீடு மாதிரி அவர் சந்தோஷப்பட்டார். எலும்பு வார்டில் முதலில் மாட்டிப் பார்ப்பது என்று முடிவானது. டாக்டர், நர்ஸ், வார்டு ஆட்கள் எல்லோருக்கும் சட்டையில் குத்த ஒரு பேட்ஜ். வாசலில் இருக்கும் ஜெல் டப்பாவுக்குள் ஒரு கருவி, ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டுச் சுவரிலும் ஒரு கருவி. ஜெல் தேய்த்துக்கொண்டு கட்டிலை நெருங்கினால் பச்சை விளக்கு எரிந்து ஒரு குரல் பேசும். தேய்க்காமல் வந்தால் சிவப்பு விளக்கு, வேறு வாசகம். சாயங்காலம் கம்ப்யூட்டரில் எல்லோருடைய கணக்கும் வந்துவிடும்.

"மாட்டுக்கு மணி கட்டுறாங்கப்பா" என்று வார்டு அண்ணன் பேட்ஜைக் குத்திக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது முதல் பல்பு மாற்றுவது வரை அந்த வார்டில் அவர் செய்யாத வேலை கிடையாது. முதல் நாளே ஒரு குறுக்குவழியும் கண்டுபிடித்தார். முழங்கையால் டப்பாவை அமுக்கி, ஜெல்லைத் தரையில் விட்டுவிட்டு, பச்சை விளக்கோடு உலா வந்தார். மறுநாள் அதே ஜெல்லில் அவரே வழுக்கி விழுந்து எழுந்தபோது சோப்பு சிஸ்டர் கைகொடுத்துத் தூக்கினார். "அண்ணே, தரையில இப்ப ஒரு கிருமியும் இல்ல. இனிமே உங்க கையைப் பாருங்க." அதோடு அந்த வித்தை முடிந்தது.

குரல் விஷயத்தில்தான் தகராறு வந்தது. கம்பெனி இன்ஜினியர் கொண்டுவந்த குரல் ரேடியோப் பெட்டிக்குள் ஜலதோஷம் பிடித்தவர் பேசுவது போல இருந்தது. "தங்கள் கரங்கள் கலுவப்பட்டன" என்றது. வார்டே விழுந்து விழுந்து சிரித்தது. கால் உடைந்து கிடந்தவர்கள், சிரித்தால் வலிக்கிறது, நிறுத்துங்கள் என்று கெஞ்சினார்கள்.

"யாராவது நல்லா பேசுறவங்க இருந்தா ரெக்கார்ட் பண்ணிக் குடுங்களேன்" என்றார் இன்ஜினியர் நொந்துபோய்.

எல்லோரும் சோப்பு சிஸ்டரைப் பார்த்தார்கள். காரணம் அவருடைய ழகரம். வாழைப்பழத்தை வாளப்பளம் ஆக்காமல் சொல்லக்கூடிய ஆள் அந்தத் தளத்திலேயே அவர் ஒருவர்தான். அது அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. படிக்கப் போன இடத்தில் யாரோ ஒருத்தி கேலி செய்தாள் என்று நாக்கை மடித்து மடித்துப் பழகியது. பட்டத்துக்கு அடுத்தபடியாக அவர் பெருமையாக நினைத்தது அதைத்தான்.

போர்வை அடுக்கி வைக்கும் அறையில் எதிரொலி வராது என்று அங்கே வைத்துப் பதிவு செய்தார்கள். வாசகத்தையும் அவரே வைத்தார். கரம், தூய்மை எல்லாம் எதற்கு, நாலு பேர் பேசுகிற மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தார். கழுவினால், "கை கழுவியாச்சு, நன்றி." கழுவாவிட்டால், "கை கழுவவில்லை." ழகரம் கண்ணாடியில் உருட்டிவிட்ட கோலி மாதிரி விழுந்தது.

"வீட்டுல ஓடுற குரல் பத்தாதுன்னு ஆஸ்பத்திரிக்கும் லைன் இழுத்தாச்சா?" என்றார் வீட்டுக்காரர்.

"அங்கயாவது சொன்னா கேக்குறாங்க" என்றார் சிஸ்டர்.

உண்மையிலேயே கேட்டார்கள். தன் குரல் கட்டிலுக்குக் கட்டில் நன்றி சொல்லிக்கொண்டே போவதை, தாழ்வாரத்தில் நின்று ரசிப்பார். மூலையில் ஒளிந்து நிற்கிற வேலை ஒழிந்தது. ஜெல் டப்பா தீர்ந்துவிட்டதா, யாருக்காவது கை எரிகிறதா என்று பார்க்கத்தான் இப்போது போவார். அவரைப் பார்த்து ஓடியவர்கள் நின்று பேசினார்கள். வார்டு அண்ணன்கூட, "சிஸ்டர், நேத்து என் கணக்கு எப்படி?" என்று பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி கேட்டார்.

இரண்டே இரண்டு விஷயங்கள்தான் உறுத்தின.

ஒன்று, பெரிய டாக்டர். எலும்பு வார்டின் தலைவர். இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நேராகக் கட்டிலுக்கு வருவார். "கை கழுவவில்லை" என்று குரல் சொல்லும். காதில் வாங்காமல் நோயாளியின் கட்டைப் பிரிப்பார்.

இன்னொன்று, ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பெயிண்டரின் மனைவி. பெயிண்டர் சாரத்திலிருந்து விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டவர். கம்பி வைத்து மூடிய தையலில் சீழ் பிடித்துவிட்டது. தினமும் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட வேண்டும், நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும். பாதியில் விட்டால் சீழ் எலும்புக்குள் போய்விடும், அப்புறம் காலையே எடுக்கும்படி ஆகலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மா வந்த புதிதில் நர்சுகளோடு ஒட்டிக்கொண்டு இருந்தவர்தான். மெஷின் மாட்டிய பிறகு ஆளே மாறிப்போனார்.

"அக்கா, நான் பக்கத்துல போனாலே அந்தம்மா முகத்தைத் திருப்பிக்குது" என்று புகார் சொன்னாள் சின்ன சிஸ்டர். அந்த வார்டிலேயே ஒருதடவைகூட ஜெல் தேய்க்க மறக்காதவள் அவள்தான். "நான் என்ன பாவம் பண்ணேன்? ஆனா பெரிய டாக்டர் வந்தா மட்டும் எழுந்து நின்னு கும்பிடுது. உரிச்ச ஆரஞ்சுப்பழம் குடுக்குது. உங்க ஒருத்தரைத்தான் சார் நம்பியிருக்கோம்னு கண்ணுல தண்ணி விடுது."

"பெரியவர்னு ஒரு மரியாதையா இருக்கும்" என்றார் சோப்பு சிஸ்டர். ஆனால் அவருக்குள்ளும் கேள்வி இருந்தது. வார்டிலேயே கை கழுவாத ஒரே மனிதரை அந்த அம்மா ஏன் கோயில் சிலை மாதிரி பார்க்கிறார்?

முதலில் பெரிய டாக்டரை ஒரு கை பார்ப்பது என்று முடிவு செய்தார். அறைக் கதவைத் தட்டி உள்ளே போனார்.

"டாக்டர், வார்டுல எல்லார் பேரும் பச்சையா இருக்கு. உங்க பேர் மட்டும் தக்காளி மாதிரி சிவந்து கிடக்கு."

"உங்க மெஷின்ல கோளாறு."

"மெஷினுக்கு உங்க மேல என்ன டாக்டர் கோபம்?"

பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் தியேட்டர்ல முழங்கை வரைக்கும் தேய்ச்சுக் கழுவிட்டு வர்றவன்மா. எனக்குப் போய்ச் சொல்றீங்களே."

"தியேட்டருக்கும் வார்டுக்கும் நடுவுல லிஃப்ட் பட்டன் இருக்கு டாக்டர். அதை ஊரே அமுக்குது."

அவர் தன் விரல் நுனியைப் பார்த்தார். பிறகு, "என் வீட்டம்மா குரல்கூட என்னை இவ்வளவு துரத்தினதில்ல" என்றார். சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை பெரிய டாக்டர் வார்டு வாசலில் நின்றார். டப்பாவை அமுக்கினார். நிதானமாக, விரலிடுக்கு விடாமல் தேய்த்தார். நர்சுகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். நேராக ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனார். பச்சை விளக்கு எரிந்தது. "கை கழுவியாச்சு, நன்றி." தாழ்வாரத்தில் நின்ற சோப்பு சிஸ்டருக்கு, சொந்தப் பிள்ளை மெடல் வாங்கியது போலிருந்தது. வார்டு அண்ணன் கையே தட்டிவிட்டார்.

பெயிண்டர் வீட்டம்மா மட்டும், நின்றவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் சின்ன சிஸ்டர் ஓடிவந்தாள். "அக்கா, ஜன்னலோரக் கட்டில்காரங்க வீட்டுக்குப் போறேங்கறாங்க. எங்க இஷ்டத்துல கூட்டிட்டுப் போறோம், எந்த இடத்துல கையெழுத்துப் போடணும்னு கேக்குறாங்க. அந்தம்மாவோட அண்ணன் வேன் எடுத்துட்டு வந்துட்டார். டாக்டருங்க சொல்லியும் கேக்கல."

சோப்பு சிஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்றைக்கு வேனில் ஏற்றினால், அடுத்த தடவை இதே வாசலுக்கு அந்த மனிதரைக் காலை எடுக்கத்தான் கொண்டுவருவார்கள். செருப்புச் சத்தம் கேட்க ஓடினார்.

கட்டிலைச் சுற்றிப் பைகள் கட்டியாகிவிட்டிருந்தன. பிளாஸ்டிக் வாளிக்குள் தட்டும் டம்ளரும் துணியும். பெயிண்டர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வேன் கொண்டுவந்த அண்ணன் சாவியை விரலில் சுற்றியபடி நின்றார்.

"ஏம்மா, புண்ணு ஆறிக்கிட்டு வர்ற நேரத்துல எதுக்கும்மா கூட்டிட்டுப் போறீங்க?"

"ஆறுதா?" பெயிண்டர் வீட்டம்மா நிமிர்ந்தார். கண் வீங்கியிருந்தது. "இன்னும் எதுக்குப் பொய் சொல்றீங்க? உங்க வாயாலதானே சொல்றீங்க, விடிஞ்சதுல இருந்து பொழுது அடையுற வரைக்கும்."

"நான் என்ன சொன்னேன்?"

"கை கழுவியாச்சுன்னு."

"ஆமா, கழுவியாச்சு. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? ஏண்ணே, கேட்டியா?" அவர் அண்ணனைப் பார்த்தார். "ஒருத்தர் உசுரு ஊசலாடுது, கை கழுவியாச்சுன்னு மெஷினை விட்டுச் சொல்ல வைக்கிறாங்க. பக்கத்துக் கட்டிலுக்கு எப்பவாவதுதான் சொல்லுது. எங்க கட்டிலுக்குத்தான் ஓயாம சொல்லுது. நன்றி வேற! இடத்தைக் காலி பண்ணுங்கன்னு நேராச் சொல்லியிருக்கலாமே. அந்தப் பெரிய டாக்டர் ஒருத்தர் வந்தாத்தான் கை கழுவவில்லைன்னு சொல்லும். சரி, ஒரு மனுஷனாவது இருக்காரேன்னு இருந்தேன். இன்னிக்கு அவரும் கழுவிட்டாரு."

ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அந்தச் சொல்லில் சோப்பும் தண்ணீரும் மட்டும்தான் இருந்தன. வெளியே ஊர் முழுக்க அதே சொல்லை வேறு எதற்கு வைத்திருக்கிறது என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. உறைத்தபோது சோப்பு சிஸ்டருக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"அம்மா, அது நிஜமாவே கையைக் கழுவுறதும்மா. இந்தக் கையை. கிருமி போறதுக்கு."

"இப்ப மாத்திச் சொல்றீங்க."

"பெரிய மனுஷி சொல்றாங்கல்ல..." என்று அண்ணன் இழுத்தார்.

"நீ சும்மா இருண்ணே. உனக்கு வேனைத் திருப்பணும்."

விளக்கம் சொல்லிப் பயனில்லை என்று சிஸ்டருக்குப் புரிந்தது. தன் சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றினார். எதுவும் கேட்காமல் அந்த அம்மாவின் புடவைத் தோளில் குத்தினார். கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனார். "அமுக்குங்க. தேய்ங்க. நல்லா. இப்ப உங்க வீட்டுக்காரர்கிட்டப் போங்க."

அந்த அம்மா சந்தேகத்தோடு நடந்தார். கட்டில் விளிம்பைத் தொட்டார். பச்சை விளக்கு எரிந்தது.

"கை கழுவியாச்சு, நன்றி."

பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சொல்லுங்க" என்றார் சிஸ்டர். "நீங்க உங்க வீட்டுக்காரரைக் கைகழுவிட்டீங்களா?"

பெயிண்டர் வீட்டம்மா சுவர்க் கருவியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், முகர்ந்தார். உதடு கோணியது. அழப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தபோது, சுவர்ப் பக்கமிருந்து பெயிண்டரின் குரல் வந்தது.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து இவ என்னைக் கைகழுவ நேரம் பார்த்துட்டு இருந்தா சிஸ்டர். இன்னிக்குத்தான் மெஷின் வச்சுப் பிடிச்சிருக்கீங்க."

முதலில் வார்டு அண்ணன் சிரித்தார். பிறகு கட்டில் கட்டிலாகச் சிரிப்பு பரவியது. அந்த அம்மா சிரிப்பும் அழுகையுமாகப் புருஷன் தோளில் ஒரு அடி வைத்தார். "ஏன், நீங்களும் தினம் கேட்டீங்கல்ல? ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

பெயிண்டர் மெல்லத் திரும்பினார். "எனக்கும் அப்படித்தான்டி தோணுச்சு. உனக்குத் தெரியவேண்டாம்னு இருந்தேன்."

ஒரே கட்டிலருகில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அதே பயத்தை வைத்துக்கொண்டு இத்தனை நாள் இருந்திருக்கிறார்கள். சோப்பு சிஸ்டர் ஜன்னல் திரையைச் சரிசெய்வது போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப வேன்?" என்றார் அண்ணன்.

"அழுக்குத் துணி இருக்கு, அதைக் கொண்டுபோ" என்றார் தங்கை. வாளியும் பைகளும் மறுபடி கட்டிலுக்கடியில் போயின. அழுக்குத் துணி மட்டும் வேனில் ராஜ மரியாதையோடு வீட்டுக்குப் போனது.

அன்று சாயங்காலமே வாசகத்தை மாற்றக் கூட்டம் போட்டார் சோப்பு சிஸ்டர். இன்ஜினியர், பெரிய டாக்டர், சின்ன சிஸ்டர், வார்டு அண்ணன் எல்லோரும் போர்வை அறையில் கூடினார்கள்.

"கை சுத்தம்னு வைக்கலாம்" என்றார் இன்ஜினியர்.

"கழுவலேன்னா என்ன சொல்லும்?" என்று கேட்டார் பெரிய டாக்டர்.

"கை சுத்தமில்லை."

வார்டு அண்ணன் குதித்தார். "ஐயா சாமி! ஸ்டோர்ல ஒரு பஞ்சுப் பொட்டலம் குறைஞ்சாலே எல்லாரும் என் மூஞ்சியைத்தான் பாக்குறாங்க. இதுல இவனுக்குக் கை சுத்தமில்லைன்னு மெஷின் வேற ஊரைக் கூட்டிச் சொல்லணுமா?"

"எனக்கும் வேண்டாம்" என்றார் பெரிய டாக்டர் அவசரமாக. "ஃபீஸ் வாங்குறவன் நான்."

"கை நனைச்சாச்சு?" என்றார் இன்ஜினியர்.

"சம்பந்தி வீட்டுல சாப்பிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றாள் சின்ன சிஸ்டர்.

"இனி தொடலாம்?" என்று கேட்டுப் பார்த்தார் சோப்பு சிஸ்டர்.

"ஆம்பளை வார்டு அக்கா. அதுவும் உங்க குரல்ல. வேண்டவே வேண்டாம்."

"பேச்சே வேண்டாங்க, டிங்னு ஒரு மணி வச்சிடலாம். எல்லா ஊர்லயும் அதைத்தான் வைக்கிறோம்" என்றார் இன்ஜினியர் சலித்துப்போய்.

"மருந்து ஏத்துற மெஷினும் டிங், கூப்பிடுற பெல்லும் டிங். எந்த டிங்குக்கு யார் ஓடுறது?" என்றார் சோப்பு சிஸ்டர். போர்வைகளைப் பார்த்தபடி யோசித்தார். கையை எங்கே தொட்டாலும் இந்த மொழியில் வேறொரு அர்த்தம் ஒட்டிக்கொண்டு வருகிறது. கையை விட்டுவிட்டால் என்ன? வீட்டு வாசலுக்கு ஆள் வந்தால் நாம் கையைப் பற்றியா பேசுகிறோம்?

"வாங்க" என்றார்.

"எங்க?" என்று வார்டு அண்ணன் எழுந்தார்.

"உட்காருங்கண்ணே. வாசகத்தைச் சொன்னேன். கழுவிட்டு வந்தா, வாங்க. கழுவாம வந்தா, கொஞ்சம் இருங்க."

ஒருவருக்கும் மறுப்புச் சொல்லத் தோன்றவில்லை. ஆனாலும் சிஸ்டர் இந்தத் தடவை ஏமாறத் தயாராக இல்லை. ஜன்னலோரக் கட்டிலுக்குப் போய், "வாங்கன்னு சொன்னா உங்களுக்கு என்ன தோணும்?" என்று கேட்டுவிட்டு வந்தார். பெயிண்டர் வீட்டம்மா, "வாங்கன்னா வாங்கதான், இதுல என்ன இருக்கு?" என்று அவரையே விசித்திரமாகப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் மைக்கைக் கையில் எடுத்தார். பதிவு முடிந்ததும் ஒரு சின்ன வருத்தம். இரண்டு வாசகத்திலும் ஒரு ழகூட இல்லை.

புது வாசகம் வார்டுக்கு ஒத்துப்போனது. முதல் நாள் சில நோயாளிகள், "வர்றோம்" என்று தூக்கத்தில் பதில் சொன்னார்கள். சின்ன சிஸ்டருக்கு இப்போது கட்டிலருகே உரித்த ஆரஞ்சுப்பழம் கிடைத்தது. தினமும் கட்டுப் பிரிக்கும்போது புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து வந்தது. "இந்தக் கலர் எங்க கடையிலயே இல்ல" என்றார் பெயிண்டர், எட்டிப் பார்த்து.

ஒருநாள் காலை பெரிய டாக்டர் ஆபரேஷன் அவசரத்தில் வந்தார். பழக்க தோஷம், கை இரண்டும் கோட்டுப் பைக்குள். நேராக ஜன்னலோரக் கட்டிலுக்குப் போய்க் காலில் போட்டிருந்த கட்டின்மேல் கை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"கொஞ்சம் இருங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கட்டைப் பிரிக்கப் போனார். பெயிண்டர் வீட்டம்மா புருஷனின் கால்மேல் போர்வையை இழுத்து மூடினார்.

"இருங்க டாக்டர். போய் நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க. அவசரமே இல்ல, நாங்க எங்கயும் போகல."

சோப்பு சிஸ்டர் தாழ்வாரத்தில்தான் நின்றிருந்தார். பெரிய டாக்டர் வாசலுக்குத் திரும்பி வருவதைப் பார்த்ததும், சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெல் டப்பாவுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.